வாசகர் கேள்வி – பதில்: காட்டுத்தீயை எதிர்கொள்ளும் ஆயத்தம்

கோடை தொடங்கும் முன்பே மலையடிவார மாவட்டங்களிலிருந்து காட்டுத்தீ பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. தீத்தடுப்பு வல்லுநர்களும் மீட்புக் குழுவினரும் எவ்வாறு பணியாற்றுகிறார்கள் என்பதையொட்டிய கேள்விகளைத் தேர்ந்தெடுத்து இங்கே விடையளிக்கிறோம்.

குரங்கணியில் சிக்கியவர்களில் பலர் இளைஞர்கள். அவர்களால் ஏன் தீயை முந்தி ஓட முடியவில்லை? அப்படிச் சிக்கிக்கொண்டால் என்னதான் செய்வது?
– வாசகர், உத்தமபாளையம்

2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணி – கொழுக்குமலைப் பகுதியில் மலையேற்றத்துக்குச் சென்றிருந்தவர்களைப் புல்வெளித் தீ சூழ்ந்துகொண்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உடல் வலு எவ்வளவு இருந்தாலும், சரிவில் மேல்நோக்கி ஏறும் தீயை ஓடி வெல்ல இயலாது என்பதுதான் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. சமதரையில் நிமிர்ந்து எரியும் சுடர், சரிவில் மலைப்பக்கமாகச் சாய்ந்து, தனக்கு மேலேயுள்ள புல்லைத் தொடுவதற்கு முன்பே அதன் ஈரத்தை உறிஞ்சிப் பற்றுவதற்குத் தயாராக்கிவிடுகிறது. சரிவு 10 பாகை கூடும்போது தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது தீயணைப்பு வல்லுநர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. அதன்படி 20 பாகைச் சரிவில் வேகம் நான்கு மடங்கு. ஏறுகிற மனிதரின் வேகமோ சரிவு கூடக் கூடக் குறைகிறது. பகலில் வெயிலேறிய மலைச்சரிவில் காற்றும் கீழிருந்து மேலாகவே வீசும். இரு பக்கமும் உயர்ந்த குறுகலான ஓடைப் பள்ளங்களில் புகையும் வெப்பமும் புகைபோக்கியில் ஏறுவதுபோல் ஏறும் என்பதால், ஒளிந்துகொள்ள ஏற்ற இடமாகத் தோன்றும் பள்ளமே மிக ஆபத்தான இடமாகிவிடுகிறது.

ஆகவே, தீ கீழே தெரிந்தால் மலையுச்சியை நோக்கி ஓடக்கூடாது. பக்கவாட்டில் விலகி, தீயின் ஓரத்தைக் கடந்து, இயன்றால் ஏற்கெனவே எரிந்து கருகிய பகுதிக்குள் சென்றுவிட வேண்டும். ஒரு முறை எரிந்த புல்வெளி மறுபடி எரியாது. இதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்னும் செங்குத்தான புல்சரிவில் 13 தீயணைப்பு வீரர்கள் மேல்நோக்கி ஓடி உயிரிழந்தனர். அவர்களின் தலைவர் வாக்னர் டாட்ஜ் மட்டும் ஓடுவதை நிறுத்தி, தம் முன்னிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்து, அது எரிந்து தீர்ந்த சாம்பலில் குப்புறப் படுத்து உயிர் பிழைத்தார். பயிற்சியற்றவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தீக்கு உணவில்லாத இடமே பாதுகாப்பான இடம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். பெரிய பாறைத்திட்டு, அகலமான மண்சாலை, செடிகொடியற்ற வெற்றுத்தரை ஆகியவையும் அப்படிப்பட்ட இடங்களே. வேறு வழியே இல்லையெனில் அங்கே முகம் தரையில் படும்படி, கால்கள் தீயின் பக்கம் இருக்கும்படி படுத்து, பருத்தி அல்லது கம்பளித் துணியால் உடலை மூடிக்கொள்ள வேண்டும். நைலான், பாலியஸ்டர் ஆடைகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்வதால் தீக்காலத்தில் காட்டுக்குள் செல்வோர் அவற்றை உடுத்தவே கூடாது.

செயற்கைக்கோள் தீயைக் காட்டிக்கொடுக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் தாமதம் ஏற்படுகிறது?
– வாசகி, சத்தியமங்கலம்

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் (Forest Survey of India), 2004 முதல் செயற்கைக்கோள் தரவைக் கொண்டு தீ எச்சரிக்கைகளை அனுப்பி வருகிறது. தொடக்கத்தில் பயன்பட்ட மோடிஸ் கருவி 1 கிலோமீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகக் காட்டியது; இப்போதைய வியர்ஸ் கருவியில் ஒரு புள்ளி 375 மீட்டர். இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வியர்ஸ் கருவியைச் சுமந்த செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது நண்பகல் கடந்து ஒன்றரை மணி அளவிலும், நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி அளவிலும்தான். பிற்பகல் மூன்று மணிக்கு மூண்ட புல் தீ, அடுத்த சுற்று வருவதற்குள் ஒரு சரிவையே எரித்து முடித்துவிடும். அடர்ந்த மரக்கூரைக்கு அடியில் ஊரும் சருகுத் தீயும், மேகம் மூடிய தீயும் கண்ணுக்குத் தப்பலாம்.

எச்சரிக்கை வந்த பிறகும் வனக்காப்பாளரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் பெரும்பாலும் நடந்தே அந்த இடத்தை அடைய வேண்டும். எனவே உயரமான முகட்டில் அமர்ந்து புகையைப் பார்த்து வாக்கி டாக்கியில் தகவல் சொல்லும் காவலருக்கு இன்றும் மாற்று இல்லை என்பது என் உறுதியான கருத்து. பொதுமக்களும் வன ஆய்வு நிறுவனத்தின் இணையத்தளத்தில் கைப்பேசி எண்ணைப் பதிவுசெய்து இந்த எச்சரிக்கைகளைப் பெறலாம். மலையடிவார ஊராட்சிகளில் ஓரிருவராவது இதைச் செய்ய வேண்டும்.

தீயைத் தடுக்க வேண்டிய வனத்துறையே தை, மாசியில் புல்லை எரிப்பதைப் பார்க்கிறோம். இது சரியா?
– வாசகர், மசினகுடி

நீங்கள் பார்த்தது தீத்தடுப்புக் கோடு அமைக்கும் வேலை. சாலையோரங்களிலும் எல்லைகளிலும் புல், புதர்களை வெட்டிக் காயவைத்து, காற்று அடங்கிய அதிகாலையிலோ மாலையிலோ, ஆட்களை இருபுறமும் நிறுத்தி எரித்துவிட்டால், பிறகு வரும் தீ அந்த வெற்று வரியைத் தாண்டத் திணறும். காட்டுத்தீ வல்லுநரின் பணியில் பெரும்பகுதி தீயே இல்லாத இந்த வாரங்களில்தான் நடக்கிறது. வெட்டிய கோட்டோடு வேலை முடிந்துவிடுவதுமில்லை. இலையுதிர் காட்டில் மாசி மாதம் முழுவதும் சருகு கொட்டிக்கொண்டே இருப்பதால், ஒரு முறை துப்புரவு செய்த கோட்டில் சில நாட்களிலேயே கணுக்கால் அளவு சருகு சேர்ந்துவிடும். அதை மீண்டும் மீண்டும் பெருக்கியாக வேண்டும். தற்காலிகக் கூலிக்கு அமர்த்தப்படும் தீத்தடுப்புக் காவலர்கள், பெரும்பாலும் பழங்குடியினர், செய்யும் இந்த வேலைக்கு உரிய காலத்தில் நிதியும் ஊதியமும் வந்து சேராவிட்டால் அந்த ஆண்டின் ஆயத்தம் அப்போதே குலைந்துவிடுகிறது.

தீயை அறிந்து கையாண்ட மரபு நம் மலைகளுக்குப் புதிதல்ல. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர்கள், கோடையின் தொடக்கத்திலேயே தரைச்சருகை மட்டும் தணிந்த தீயால் எரித்து வந்தார்கள். அது உண்ணிச்செடி (லாண்டனா) என்னும் அயல்நாட்டுப் புதரின் நாற்றுகளை அழித்தது என்றும், தீயிடுதல் தடைசெய்யப்பட்ட பிறகே அச்செடி காட்டை மூடியது என்றும் அவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் இதைக் கவனத்தோடு பதிவுசெய்துள்ளனர். ஆனால் ஆளுயரத்துக்கு மேல் உண்ணிச்செடி மண்டிவிட்ட இன்றைய காட்டில் அதே தீ தரையோடு நிற்காது. புதரின் வழியே மரக்கிளை வரை ஏறும். முதலில் புதரை அகற்றாமல் பழைய முறைக்குத் திரும்புவது பேராபத்து. அகற்றும் பணியையும் எரிக்கும் முடிவையும் திட்டமிடும்போது அந்த மக்களையும் உடன் அமர்த்திக்கொள்ள வேண்டும்.

ஹெலிகாப்டரில் தண்ணீர் ஊற்றினால் எளிதில் அணைத்துவிடலாமே?
– வாசகி, குன்னூர்

2024 மார்ச் மாதம் உங்கள் ஊரருகே பற்றிய தீயில் இந்திய விமானப்படையின் எம்.ஐ. 17 ஹெலிகாப்டர் தொங்குவாளியில் நீர் மொண்டு ஊற்றியதைப் பார்த்திருப்பீர்கள். சாலையில்லாத செங்குத்துச் சரிவில் அது பேருதவி. ஆயினும் வானிலிருந்து விழும் நீர் சுடரைத் தணித்து நேரம் வாங்கித் தருமே தவிர, தீயை முழுவதுமாக அணைப்பது தரையில் நிற்கும் ஆட்களே. தீயை அடித்து அணைக்கும் பச்சைத் தழையை ஓங்கி வீசினால் பொறி பறந்து புதிய இடத்தில் பற்றும் என்பதால், அனுபவமுள்ள காவலர் தழையைச் சுடர்மேல் அழுத்தி இழுப்பார். சுடர் அடங்கிய பிறகும் எரிந்த ஓரம் முழுவதும் நடந்து, புகையும் கட்டைகளைக் கிளறி, யானைச் சாணத்தைப் பிரித்துப் பார்ப்பார்; நார் நிறைந்த அந்தச் சாணம் நெடுநேரம் உள்ளுக்குள் கனன்று, காற்றடித்ததும் மீண்டும் பற்றக்கூடும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சீகை (வாட்டில்), கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களின் காய்ந்த குப்பை மிகுதி என்பதால் இந்த இறுதிச் சோதனை இரட்டிப்பு முக்கியம்.

வனத்துறை, தீயணைப்புத் துறை, காவல்துறை, ஊர்மக்கள் எல்லாரும் கூடிவிட்டால் யார் சொல்லை யார் கேட்பது?
– வாசகர், போடிநாயக்கனூர்

இக்கேள்விக்கு விடை தேடியே உலகின் இன்றைய பேரிடர் மேலாண்மை முறை பிறந்தது. 1970-இல் கலிஃபோர்னியாவில் அடுத்தடுத்து மூண்ட தீக்களின்போது, பல துறைகள் வெவ்வேறு சொற்களையும் வெவ்வேறு வானொலி அலைவரிசைகளையும் வைத்துக்கொண்டு ஒருவர் பேச்சு ஒருவருக்கு எட்டாமல் திண்டாடின. அதன் விளைவாக, எத்தனை துறை வந்தாலும் களத்துக்கு ஒரே தலைமை, ஒரே திட்டம் என்ற முறை வகுக்கப்பட்டது. இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் இதையொட்டிய வழிகாட்டுதலை வெளியிட்டது; அதன்படி மாவட்ட அளவில் பொறுப்பு ஆட்சியருடையது.

களத்தில் இறங்கும் ஒவ்வொரு சிறு குழுவும் நான்கைச் சரிபார்க்க வேண்டும் என்று அமெரிக்கத் தீயணைப்பு வல்லுநர் பால் கிளீசன் 1991-இல் வரையறுத்தார்: தீயைக் கண்காணிக்க ஒருவர், தடையற்ற தகவல் தொடர்பு, தப்பிக்கும் வழி, போய்ச் சேரப் பாதுகாப்பான இடம். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் தீயருகே செல்லக்கூடாது. குரங்கணியில் முதலில் ஓடிச் சென்று காயமுற்றோரைத் தூக்கி வந்தவர்களில் ஊர்மக்கள் முன்னின்றார்கள். இனியும் அவர்களே முதலில் போவார்கள். ஆகையால் இந்த நான்கையும் காப்பாளர்களுக்குக் கற்பிப்பதோடு நிறுத்தாமல், மலையோர ஊர் ஒவ்வொன்றிலும் தைப்பொங்கல் கழிந்த கையோடு ஒரு நாள் ஒத்திகையாக நடத்த வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

எங்கள் வீடு காட்டை ஒட்டியுள்ளது. தீ வந்தால் வீட்டிலேயே இருக்கலாமா, வெளியேற வேண்டுமா?
– வாசகி, கொடைக்கானல்

வெளியேறுங்கள், அதுவும் முன்கூட்டியே. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று 173 பேர் தீக்கு இரையானார்கள். வீட்டில் தங்கிக் காப்பதா, முன்னதாகவே வெளியேறுவதா என்பதைக் குடும்பங்களே முடிவு செய்யலாம் என்ற அதுவரையிலான அறிவுரை அதன்பின் திருத்தப்பட்டு, மிகக் கடுமையான நாட்களில் தீ மூளும் முன்பே கிளம்பிவிட வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. கடைசி நேரத்தில் புகைக்குள் வண்டியோட்டிச் செல்வதே மிகக் கொடிய முடிவாக அமைகிறது. வீட்டைப் பொறுத்தவரை, காற்றில் பறந்து வரும் கங்குகளே பெரும்பாலும் பற்றவைக்கின்றன. கூரை மடிப்பிலும் மழைநீர்த் தகரத்திலும் சேர்ந்த சருகை அகற்றுங்கள், விறகை வீட்டுச் சுவரோடு அடுக்காதீர்கள்.

தீக்காயத்துக்கு உடனடியாக எதைத் தடவ வேண்டும்?
– வாசகர், ஏற்காடு

எதையும் தடவக்கூடாது. பற்பசை, பேனா மை, எண்ணெய், பனிக்கட்டி எல்லாமே கேடு. காயத்தின்மேல் குளிர்ந்த ஓடும் நீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். காயமுற்று மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. மோதிரம், வளையல் போன்றவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். தூய துணியால் தளர்வாக மூடி, உடல் சில்லிட்டுவிடாமல் போர்த்தி, 108-ஐ அழையுங்கள்.