சபைகள் இணையும்போது பத்திரம் யார் பெயரில்?

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் வசிக்கிறேன், பூர்வீகம் நாசரேத். நாங்கள் போகும் சபையில் பெரும்பாலோர் வெள்ளையர். எங்களைப்போல ஏழெட்டு இந்தியக் குடும்பங்களும் உண்டு. வருடாவருடம் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் பக்கத்திலுள்ள கறுப்பினத்தவர் சபை ஒன்றோடு இணையலாம் என்று பேச்சு நடக்கிறது. அதற்கான குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் நல்ல ஆர்வம், அவர்கள் பக்கம்தான் தயக்கம். “யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை” என்று பவுல் எழுதிய பிறகும் கறுப்பர்கள் தனிச்சபை நடத்துவது இன்னொரு வகை இனவாதம் ஆகாதா? நீதி, இழப்பீடு என்றெல்லாம் பேசுவது அரசியலைச் சபைக்குள் இழுத்து வருவதுதானே? வெள்ளையனும் இல்லாத, கறுப்பனும் இல்லாத நான் அந்தக் குழுவில் என்ன செய்ய?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தத் தயக்கத்தைப் பார்ப்போம். அதற்கு இருநூறு வருடத்துக்கும் மேலான காரணம் இருக்கிறது.

பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் கறுப்பினத்தவர் உறுப்பினர்களாகவே இருந்தார்கள். மாடி கட்டவும் புதுத் தளம் போடவும் காணிக்கை கொடுத்தவர்கள் அவர்கள். ஒரு ஞாயிறு, ஜெப வேளையில் முழங்காலில் நின்ற அப்சலோம் ஜோன்ஸை டிரஸ்டி ஒருவர் பிடித்துத் தூக்கினார், அவர் இருந்த இடம் அவருக்கானது இல்லை என்று. ஜெபம் முடியும்வரை பொறுங்கள் என்று ஜோன்ஸ் கேட்டும் விடவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பினத்தவர் மொத்தமாக எழுந்து வெளியேறினார்கள். கூட இருந்த ரிச்சர்ட் ஆலன் இது 1787ல் நடந்ததாக எழுதியிருக்கிறார். 1792 என்று கணிக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. தனிச்சபை இப்படித்தான் பிறந்தது. பிரிவினையைத் தொடங்கியவர்கள் வெளியேறியவர்கள் அல்ல.

இந்தச் சம்பவத்தைப் பலரும் சொல்வார்கள். உங்கள் குழுவுக்கு அதைவிட முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. ஆலனின் பெத்தேல் சபை 1794ல் தொடங்கியது. 1796ல் அதற்கான விதிமுறைகளை எழுதிக் கொடுத்தவர் ஒரு வெள்ளை மெதடிஸ்ட் மூப்பர். அந்த வாசகத்தின்படி சபையின் சொத்து மெதடிஸ்ட் மாநாட்டின், அதாவது அந்தத் திருச்சபையை ஆளும் அமைப்பின், பிடிக்குள் போய்விட்டது. பெத்தேல் மக்கள் அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டார்கள். 1807ல் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு ஒரு துணை விதி எழுதி அதிகாரத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதோடும் தீரவில்லை. 1815ல் கட்டடம் ஏலத்துக்கே வந்தது. ஆலன் பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்துத் தன் சபையின் கட்டடத்தைத் தானே ஏலத்தில் எடுக்க வேண்டியதாயிற்று. 1816ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் பெத்தேலின் பக்கம் நின்றது. அதே வருடம் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை உருவானது.

ஆகவே, “இணைவோம்” என்று வெள்ளையர் சபை சொன்னால், கறுப்பர் சபையின் மூத்தவர்கள் மனதில் முதலில் எழும் கேள்வி பத்திரம் யார் பெயரில் இருக்கும் என்பதுதான். அதை விசுவாசக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு இணைப்பையும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடிமை வைத்திருந்த ஒரு பிஷப்பை முன்னிட்டு 1844ல் மெதடிஸ்டுகள் வடக்கு தெற்காகப் பிரிந்தார்கள். மறு வருடமே பாப்டிஸ்டுகளிலும் அடிமை உடைமையாளரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சண்டையில் தெற்குப் பகுதி பிரிந்தது. சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் அப்படி வந்ததுதான். மெதடிஸ்டுகள் 1939ல் மறுபடி சேர்ந்தார்கள். ஐந்து நிர்வாக வட்டாரங்களை நிலப்பரப்பைப் பார்த்துப் பிரித்தார்கள். ஆறாவதை மட்டும் தோல் நிறத்தைப் பார்த்து அமைத்தார்கள். மத்திய வட்டாரம் என்று பெயர். கறுப்பினத்தவர் சபைகளில் மிகப் பெரும்பாலானவை அதற்குள் போயின. இதற்கான 1936 வடக்கு மாநாட்டில் 47 கறுப்பினப் பிரதிநிதிகள் இருந்தார்கள். 36 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள், 11 பேர் வாக்களிக்கவே இல்லை. தீர்மானம் நிறைவேறியது. வெள்ளையரும் வெள்ளையரும் சேர்வதற்கான விலையைக் கறுப்பர்கள் தலையில் கட்டி, அதற்கு ஒற்றுமை என்று பெயர் வைத்தார்கள். அந்த வட்டாரத்தைக் கலைக்க 1968 வரை ஆனது.

“அதெல்லாம் பழசு, இப்போது யாரும் யாரையும் தடுப்பதில்லையே” என்று உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். உண்மைதான், வாசலில் யாரும் தடுப்பதில்லை. ஆனால் சபை என்பது குடியிருப்பை ஒட்டி வளர்வது. 1934ல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுக் கடன் காப்புத் திட்டம், கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை ஆபத்தானவை என்று ஒதுக்கிவைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெள்ளைக் குடும்பங்கள் அரசு காப்பளித்த கடனில் புறநகர்களில் வீடு வாங்கின. சபைகள் நகரத்துக் கட்டடத்தை விற்றுவிட்டு அவர்கள் பின்னால் போயின. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968 ஏப்ரலில்தான் வந்தது, அதுவும் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில். ஒருவர் மனதிலும் வெறுப்பே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், ஞாயிறு காலை பதினொரு மணிக்கு இரண்டு சபைகள் இரண்டு நிறத்தில் இருக்க இவ்வளவு போதும். தனிமனித மனந்திரும்புதலை முன்னிறுத்தும் அமெரிக்க எவாஞ்சலிக்கல் பிரசங்கம் பாவத்தைத் தனிமனிதன் நெஞ்சுக்குள் மட்டும் தேடிப் பழகியது. அதனால் இந்த வகைப் பாவம் அதன் கண்ணில் படுவதில்லை.

இதில் நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. 1897ல் மத்திய இந்தியாவில் தமோ என்ற ஊரில், மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர் டொனால்ட் மெக்காவ்ரன். இந்தியாவில் மக்கள் சாதி சாதியாகக் கிறிஸ்தவத்துக்கு வருவதைக் கவனித்தவர். இனம், மொழி, வர்க்கம் ஆகிய எல்லைகளைத் தாண்டாமலே கிறிஸ்தவராவதைத்தான் மனிதர் விரும்புகிறார்கள் என்பது அவர் முடிவு. 1965ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர் இறையியல் செமினரியில் அவர் மிஷன் கல்விப் பிரிவைத் தொடங்கிய பிறகு, இதே கருத்து அமெரிக்கப் புறநகர்களில் சபை வளர்ச்சி உத்தியாக மாறியது. ஒரே மாதிரி மக்களைக் குறிவைத்தால் சபை வேகமாக வளரும். வளரவும் செய்தது. மக்கள் எப்படி உள்ளே வருகிறார்கள் என்ற கேள்விக்கான பதிலை, உள்ளே வந்தபின் எப்படி வாழ வேண்டும் என்பதற்கும் எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. சாதிச் சபைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீதி பேசினால் அரசியலா என்று கேட்கிறீர்கள். அப்போஸ்தலர் 6ஐ எடுங்கள். கிரேக்கரானவர்கள், அதாவது கிரேக்கம் பேசிய யூத விசுவாசிகள், எபிரெயருக்கு எதிராகத் தங்கள் விதவைகள் “அன்றாட விசாரணையில் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை” என்று முறுமுறுத்தார்கள். இது ஒரு பிரிவார் இன்னொரு பிரிவார்மேல் சொன்ன புகார், அதுவும் சோற்றுப் பங்கீடு பற்றியது. அப்போஸ்தலர்கள் “கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று, முறுமுறுக்காதீர்கள்” என்று பிரசங்கம் செய்யவில்லை. பந்தி விசாரிக்கும் பொறுப்பையே ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எபிரெயரிலும் கிரேக்கப் பெயர் உண்டு என்பதால் இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் புகார் சொன்ன தரப்பிலிருந்து ஒருவரைப் பெயருக்குச் சேர்த்துக்கொண்ட குழு மாதிரி அது தெரியவில்லை. நீங்கள் மேற்கோள் காட்டும் கலாத்தியர் நிருபத்திலேயே, புறஜாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்திக்கொண்ட பேதுருவைப் பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தது இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. மூன்றாம் அதிகாரத்து வசனத்தை அதிலிருந்து வெட்டியெடுத்துப் படிப்பது சரியல்ல.

இழப்பீடு விஷயத்தில் என் கருத்து குறுகியது. சபையோ அதன் நிறுவனமோ நேரடிப் பங்காளியாக இருந்த இடத்தில் அது கணக்கு தீர்ப்பது, அரசியல் அல்ல. மேரிலாந்து இயேசு சபையினர் 1838ல் 272 பேரை ஏறத்தாழ 115,000 டாலருக்கு விற்றார்கள். ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனுக்கு அதில் பணம் போனது. விற்பனைப் பத்திரம் இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன. வர்ஜீனியா செமினரி 2019ல் 17 லட்சம் டாலர் ஒதுக்கி, தன் வளாகத்தில் அடிமைகளாகவும் பின்னர் பாகுபாட்டுக்கு உட்பட்டும் உழைத்தவர்களின் வாரிசுகளைத் தேடி, 2021ல் பணம் கொடுக்கத் தொடங்கியது. அரசாங்கம் மொத்த நாட்டுக்கும் இழப்பீடு தரலாமா என்பது வேறு விவாதம். அதில் நல்ல கிறிஸ்தவர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். உங்கள் சபை நூறு வருடப் பழசு என்றால், முதலில் பழைய நிர்வாகக் குறிப்பேடுகளைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்ற தீர்மானம் அதில் இருந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே மேசையில் வையுங்கள்.

இனி குழு வேலை. இரண்டு சபைகள் சட்டப்படி இணையும்போது ஒன்று கலைந்து மற்றொன்றில் அடங்கலாம், அல்லது இரண்டும் சேர்ந்து புதிதாக ஒன்றைப் பதிவு செய்யலாம். முதல் வழியில் செலவு குறைவு, வக்கீல் அதைத்தான் சொல்வார். ஆனால் எது மிஞ்சுகிறதோ அதன் பைலாதான் மிஞ்சும். பெரும்பாலும் கட்டடம் வைத்திருப்பவருடையது. புதுப் பதிவுக்கு நில்லுங்கள். உங்கள் கட்டடம் சபைப் பெயரில் இருக்கிறதா, சொத்தைத் தலைமைச் சபைப் பிரிவுக்காகவே வைத்திருக்க வேண்டும் என்ற டிரஸ்ட் விதிக்குக் கட்டுப்பட்டதா, அடமானம் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டுமா என்று பத்திரத்தைப் பார்க்காமல் அடுத்த கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

அடுத்து பிரதான போதகர் யார் என்பது. பாடகர் குழு அவர்களுடையது, பிரசங்க மேடையும் பொக்கிஷதாரர் பதவியும் எங்களுடையது என்ற ஏற்பாடு அமெரிக்கா முழுக்க நடக்கிறது. பார்க்க அழகாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்கலாம். எந்த ஓர் இனமும் 80 சதவீதத்தைத் தாண்டாத சபையைத்தான் ஆய்வாளர்கள் பல்லினச் சபை என்று கணக்கிடுகிறார்கள். அத்தகைய சபைகள் 1998ல் சுமார் 6 சதவீதம், 2019ல் சுமார் 16. இந்த உயர்வில் பெரும்பகுதி மற்றவர்கள் வெள்ளையர் சபைக்கு வந்ததால்தான், வெள்ளையர்கள் கறுப்பர் சபைக்குப் போனதால் அல்ல. 2016 தேர்தலுக்குப் பிறகு அப்படி வந்த கறுப்பினத்தவரில் பலர் சத்தமில்லாமல் வெளியேறினார்கள். நாட்டில் கறுப்பினத்தவர் ஒருவர் போலீஸ் கையில் செத்த வாரத்தில் மேடையிலிருந்து ஒரு ஜெபம்கூட வராத சபையில் எத்தனை நாள் உட்காருவார்கள்? அதனால் மூப்பர் குழு முதல் ஐந்து வருடம் சரிபாதி, பட்ஜெட்டுக்கு இரு தரப்பிலும் தனித்தனிப் பெரும்பான்மை என்று பைலாவிலேயே எழுதிவிடுங்கள். ஆராதனை நேரத்தையும் முன்பே பேசுங்கள். எழுபது நிமிடத்தில் முடித்துப் பழகியவர்கள் இரண்டு மணி நேர ஆராதனையில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அதை எதிரில் இருப்பவர்களும் பார்ப்பார்கள்.

உங்களைப் பொறுத்தவரை, நீங்கள் வெளியாள் இல்லை. இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, குடியுரிமை கிடையாது என்று 1923ல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன நாடு அது. நம்மவர் பெருவாரியாகக் குடியேற வழிசெய்த 1965 சட்டம், கறுப்பினத்தவர் உரிமைக்குப் போராடிக் கதவைத் திறந்த காலத்தில் வந்தது. குழுவில் ஒரு காரியத்துக்குக் கண்டிப்பாக மறுப்பு சொல்லுங்கள். உங்கள் ஏழெட்டுக் குடும்பத்தை எண்ணிக்காட்டி “நாங்கள் ஏற்கெனவே பல்லினச் சபைதான்” என்று சொல்லத் தொடங்குவார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

எல்லாம் பேசியபின் அவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். அது அவர்கள் உரிமை, வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் சபையில் ஆள் குறைவது நிற்கப்போவதில்லை. சபை கலைந்தால் சொத்து யாருக்கு என்று உங்கள் பதிவு ஆவணத்திலோ பைலாவிலோ ஒரு பிரிவு இருக்கும். வரிவிலக்கு பெற்ற சபையானால் அது தனியாருக்குப் போக முடியாது, வரிவிலக்குக்குத் தகுதியுள்ள வேறொரு அமைப்புக்கோ அரசுக்கோதான் போக வேண்டும். அந்த அமைப்பு அந்தக் கறுப்பினத்தவர் சபையாகவே இருக்கலாமே என்று குழுவில் கேளுங்கள். இணைப்பைப் பற்றிய ஆர்வம் எவ்வளவு ஆழமானது என்பது அந்தக் கூட்டத்தில் தெரிந்துவிடும்.