ஆர்க்கிட் ஆசை பிடித்தவர்களுக்கு: பெரம்பூர் மாடியிலிருந்து பதில்கள்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒன்பது வருடமாக ஆர்க்கிட் வளர்க்கிறேன். நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு, கை பழகியதைச் சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, இது மலைப்பிரதேசச் செடியாச்சே, நம்ம வெயிலுக்கு வருமா?

தாராளமாக வரும். டென்ட்ரோபியம் கலப்பினங்களும் வாண்டாவும் சூட்டை விரும்புகிற ஆர்க்கிட் வகைகள். வாண்டாவில் ஒரு இனம் தமிழ்நாட்டுச் சமவெளி மரங்களிலேயே தானாக வளர்கிறது. அகல இலையோடு, பூத்த நிலையில் விற்கிறார்களே, அந்த ஃபெலனாப்சிஸுக்கு நேர் வெயில் ஆகாது. அதை இரண்டாவதாக வாங்கு. முதல் செடி டென்ட்ரோபியமாகவே இருக்கட்டும்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தங்கை: செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து நட்டேன். இரண்டே மாதத்தில் வேர் அழுகிவிட்டது. என்ன தப்பு செய்தேன்?

மண்தான் தப்பு, நீ இல்லை. நானும் முதல் செடியை இப்படித்தான் இழந்தேன், அன்று அழுதேவிட்டேன். நாம் வளர்க்கும் ஆர்க்கிட்டெல்லாம் காட்டில் மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறவை. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, ஒண்டி நிற்பதோடு சரி. வேரைச் சுற்றிப் பஞ்சு போல ஒரு உறை இருக்கும். மழை பெய்தால் அது சட்டென்று நீரைக் குடித்துக்கொள்ளும், பிறகு காற்றில் காயும். மண்ணுக்குள் புதைத்தால் காற்று போகாது, மூச்சு முட்டி அழுகும்.

பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள மண்தொட்டி வாங்கு. இஸ்திரி வண்டிக்காரர் வாங்கும் அதே மரக்கரியை விரலளவு துண்டுகளாக உடைத்துப் போடு. கூடவே ஓட்டுச்சில்லு, கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு. மட்டையை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசினால்தான் அதிலுள்ள உப்பு போகும்.

எப்போது தண்ணீர் ஊற்றுவது என்று வேரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வெள்ளி நிறமாக இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் போதும். பழுப்பேறி கொழகொழவென்று இருந்தால் அழுகல். தீயில் காட்டிய பிளேடால் அதை நறுக்கிவிட்டு, வெட்டிய இடத்தில் மட்டும் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள் தடவு. டென்ட்ரோபியத்தில் இலை கொட்டிய தண்டைத் தூக்கிப் போட்டுவிடாதே! அதன் கணுவிலிருந்து குட்டிச் செடி கிளம்பக்கூடும்.

காசிமேட்டிலிருந்து: எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஊற்றலாமா அக்கா?

வேண்டாம். இலை நுனி கருகும், வேர் நுனி கறுக்கும். மெட்ரோ தண்ணீரை ஒரு இரவு வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது.

திருவொற்றியூரிலிருந்து ஒரு பெரியவர்: இலை தளதளவென்று இருக்கிறது, மூன்று வருடமாகப் பூவே இல்லையேம்மா?

கரும்பச்சையாக இருக்கிறதா ஐயா? அப்படியானால் வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சைதான் சரியான நிறம். 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, காலை வெயில் படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை. முதலில் வெறும் தண்ணீரால் வேரை நனைத்துவிட்டு அப்புறம் உரநீர்.

வியாசர்பாடியிலிருந்து: அடைமழையில்?

சன்ஷேடுக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். குருத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது.

ராயபுரத்திலிருந்து ஒரு தம்பி: ஒன்று வாங்கினேன், ஆறு மாதத்தில் பதினொன்று ஆகிவிட்டது. அம்மா திட்டுகிறார். நிறுத்த முடியவில்லையே அக்கா!

எனக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் ஒன்று கேள்: ஒரு வருடம் புதிதாக எதுவும் வாங்காதே. இருக்கும் பதினொன்றையும் மறுபடி பூக்க வை. கடையில் பூத்திருந்ததை வாங்குவது வேறு, நம் கையால் பூப்பது வேறு. என் டென்ட்ரோபியம் பதினான்கு மாதம் சும்மா நின்று, ஒரு நாள் காலை கணுவில் மொட்டுக்காம்பு நீட்டியது. காபி ஆறிப்போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தச் செடியின் குட்டிகள் இப்போது நான்கு இருக்கின்றன. வேர் இரண்டு அங்குலம் வந்ததும் பிரித்துவிடுவேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, அவருக்கென்று ஒன்று தருகிறேன்.