பக்கத்து மதிலோடு குசினிச் சுவர் கட்டலாமா?

வெள்ளவத்தையில் 6 பேர்ச்சஸ் காணி, பின்பக்கம் குசினியைப் பெருப்பிக்க வேண்டும், பக்கத்து வீட்டு மதில் மேலேயே பிளாக் கல் ஏற்றலாம் என்று மேசன் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். மதில் அவர்களுடையது, கூரைப் பாரத்துக்குக் கட்டியதும் அல்ல.

சுவர் 6 அங்குலம் என்றாலும் அத்திவாரம் 2 அடி அகலம் போட்டால் இரு பக்கமும் 9 அங்குலம் வெளியே நிற்கும். எல்லையில் சுவர் வைத்தால் அது அடுத்த காணிக்குள் போய்விடும். சுவரை உள்ளே தள்ளுங்கள். இடமே இல்லையென்றால் பொறியியலாளரிடம் ஒருபக்க அத்திவாரம், அதாவது எல்லைப் பக்கம் நீளாமல் உங்கள் பக்கம் மட்டும் அகலும் அத்திவாரம், வரையச் சொல்லுங்கள். பழைய மதிலின் அடியில் ஒரேயடியாகக் கிடங்கு வெட்டவும் விடாதீர்கள், மழைக்காலத்தில் மதிலே சரிந்துவிடும். துண்டு துண்டாக வெட்டி, கொங்கிறீற் போட்டபின் அடுத்த துண்டு. அதற்கு முன் மதிலில் இருக்கும் வெடிப்புகளை அயலவரையும் வைத்துக்கொண்டு படம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், கூரைச் சரிவும் பீலியும் உங்கள் பக்கம்தான் வர வேண்டும். எல்லைச் சுவரில் ஜன்னல் வேண்டாம்.

அயலவர் வாயால் சரி என்றது நல்லதுதான், ஆனால் அது மாநகர சபை அனுமதிக்கு ஈடாகாது. உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல்லைச் சரிபார்த்து, கட்டட வரைபடத்துக்கு அனுமதி எடுத்தபிறகே மேசனுக்கு முற்பணம் கொடுங்கள்.