ஆறு தனித்தனி வேவ் கோப்புகளை வீட்டுக் கணினியிலேயே 5.1 (ஆறு சேனல் சரவுண்ட் ஒலி) ஆக மாற்றுவது எப்படி? ஆப்டிகல் ஒயரில் போட்டால் முன் ஸ்பீக்கர் இரண்டு மட்டும் பாடுவது ஏன்?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்தால் என்கோட் செய்யும் (ஒலியைச் சுருக்கி வேறு வடிவுக்கு மாற்றும்) வேலை உங்களுக்குத் தேவையா என்பதே தெரிந்துவிடும்.

ஆப்டிகல் ஒயர் 1983-ல் தோஷிபா தன் சிடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்தது. சுருக்காத ஒலி என்றால் இரண்டு சேனல்தான் அதில் போகும். 5.1 போக வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல், அதாவது ஏசி-3 ஆகவோ டிடிஎஸ் ஆகவோ சுருக்கி அனுப்ப வேண்டும். எச்டிஎம்ஐ-யில் எட்டு சேனல் வரை சுருக்காமலே போகும். எனவே கணினியிலிருந்து ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஹோம் தியேட்டர் பெட்டி) நேராக எச்டிஎம்ஐ போட வழியிருந்தால் போடுங்கள். ஆறு சேனல் வேவ் அப்படியே பாடும். நடுவில் டிவியை வைத்து ஏஆர்சி (டிவியிலிருந்து எச்டிஎம்ஐ ஒயரிலேயே ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் வசதி) வழியாக எடுத்தால் மறுபடி ஆப்டிகல் கதைதான். அதன் புது வடிவமான இஏஆர்சி இருந்தால் தப்பித்தீர்கள்.

ஆப்டிகல்தான் கதி என்றால் ஏசி-3 போதும். அதன் காப்புரிமைகள் 2017-லேயே முடிந்துவிட்டன. இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கே நன்றாகச் செய்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் ஆறு டிராக்கையும் திறந்து, எக்ஸ்போர்ட் செய்யும்போது ஸ்டீரியோவுக்குப் பதில் கஸ்டம் மேப்பிங் தேர்ந்தெடுத்து, 48 கிலோஹெர்ட்ஸில் ஒரே வேவ் ஆக்குங்கள். அதை எஃப்எஃப்எம்பெக்கில் கொடுத்து ஏசி-3, நொடிக்கு 640 கிலோபிட் என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 288 எம்பி வரும். சுருக்காமல் 16 பிட்டில் வைத்தால் 2 ஜிபி. டிவிடிக்கு என்றால் மட்டும் 448-ஐத் தாண்டக் கூடாது.

எல்லாரும் சறுக்குவது சேனல் வரிசையில். வேவ் கோப்பு எதிர்பார்க்கும் வரிசை: முன் இடது, முன் வலது, நடு, எல்எஃப்இ (அடித்தொனிக்கான தனிச் சேனல், 5.1-ல் வரும் ‘.1’), பின் இடது, பின் வலது. சினிமா ஸ்டூடியோக்களில் பழகிய வரிசை வேறு: இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, கடைசியில் எல்எஃப்இ. நண்பர் ஒருவரின் குறும்படத்துக்கு இந்த வரிசையில் வந்த கோப்பை அப்படியே ஓட்டிக் கேட்டோம். வசனம் முழுக்க வலது ஸ்பீக்கரில். பின் இடதில் பெய்ய வேண்டிய மழை எல்எஃப்இ-க்குள் போய்க் காணாமலே போனது (120 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்தச் சேனலில் நிற்காது). இடி மட்டும் பின் வலதில் கரகரத்தது. கோப்பில் கோளாறே இல்லை, இடம் மாறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். இதனால்தான் முதலில் ஒரு சோதனைக் கோப்பு செய்யச் சொல்வேன்: ‘முன் இடது’, ‘நடு’ என்று ஒவ்வொரு சேனலிலும் அதன் பெயரை உங்கள் குரலிலேயே பதிந்து என்கோட் செய்து கேளுங்கள். எல்எஃப்இ-க்கு மட்டும் பேச்சுக்குப் பதில் 50 ஹெர்ட்ஸ் டோன்.

எல்எஃப்இ-யும் சப்வூஃபரும் ஒன்றல்ல. சின்ன ஸ்பீக்கர் என்று ரிசீவரில் செட் செய்திருந்தால் மற்றச் சேனல்களின் அடித்தொனியை அதுவே சப்வூஃபருக்குத் தள்ளிவிடும். பேஸ் பத்தவில்லை என்று அதையே எல்எஃப்இ-யிலும் நகலெடுத்துப் போட்டால் எல்லாம் ‘தொம் தொம்’ என்றுதான் கேட்கும். ரிசீவர் எல்எஃப்இ-யை 10 டெசிபல் கூட்டித்தான் பாடவைக்கிறது.

சாதாரண ஸ்டீரியோ பாட்டை ஆறாகப் பிரித்து என்கோட் செய்ய நினைக்காதீர்கள். வீண் வேலை. ரிசீவரில் உள்ள, ஸ்டீரியோவைச் சரவுண்டாக்கும் புரோலாஜிக் போன்ற வசதி அதைவிட நன்றாகப் பிரிக்கும், பிடிக்காவிட்டால் அணைத்தும் விடலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு ஸ்பீக்கர்தான் பாடுகிறது என்றால் பிளேயரைப் பாருங்கள். விஎல்சி, கோடி (Kodi) இரண்டு பிளேயரிலும் பாஸ்த்ரூ என்று ஓர் அமைப்பு உண்டு. அது அணைந்திருந்தால் பிளேயரே ஏசி-3-ஐப் பிரித்து ஸ்டீரியோவாக அனுப்பிவிடும். ரிசீவர் முகப்பில் டால்பி டிஜிட்டல் என்று எழுத்து வருகிறதா பாருங்கள். பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று வந்தால் பாஸ்த்ரூ இன்னும் வேலை செய்யவில்லை.