ஷிஸ்ட், ஸ்கிஸிஸ், ஸ்கிஸம்

ஐயா,
நிலவியல் படிக்கும் மகளின் பாடக்குறிப்பில் ‘சிஸ்ட்’ என்றொரு பாறை. அண்ணனின் கண் பரிசோதனைச் சீட்டில் ‘ரெட்டினோஸ்கிஸிஸ்’. திருச்சபை வரலாறு ஒன்றில் ‘ஸ்கிஸம்’. மூன்றும் ஒரே சொல்லா? சிஸ்ட் என்றால் நீர்க்கட்டி அல்லவா? ஏற்காட்டு மலைக்கல்லும் இந்த சிஸ்ட் வகைதானா?
— ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

நீர்க்கட்டியை முதலில் ஒதுக்கிவிடுவோம். பை என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல்லின் வழி வந்தது அது. பாறையை ‘ஷிஸ்ட்’ என்று எழுதினால் குழப்பம் தீரும், உச்சரிப்பும் அதுதான். நீங்கள் கேட்ட மூன்றும் பிளத்தலைக் குறிக்கும் ஒரே கிரேக்க வேரில் கிளைத்தவை. அதற்காக மூன்றையும் ‘பிளவு’ என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும். எங்கே பிளந்தது என்பதில்தான் ஒவ்வொரு சொல்லின் உயிரும் இருக்கிறது.

ஷிஸ்ட் பிளந்து கிடக்கும் பாறை அல்ல, பிளக்க ஏதுவான பாறை. பூமிக்குள் வெப்பத்தோடு ஒரு திசை அழுத்தமும் சேரும்போது அபிரகத் தகடுகள் ஒன்றுக்கொன்று இணையாக வளர்கின்றன. அந்தத் தளம் வழியே கல் செதில் செதிலாகப் பெயரும். தகடுகள் வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாத அளவு நுண்ணியதாக இருந்து பலகைபோல் பிளந்தால் அது ஸ்லேட். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற பாறையால் ஆனது. அது உருவான கடும் வெப்பத்தில் அபிரகம் நீரை இழந்து பெரும்பாலும் பைராக்ஸீன் என்ற கனிமமாக மாறிவிட்டது. உரிந்து வர ஏடே இல்லை. அதனால்தான் அந்தக் கல்லை வரிசையாகத் துளைபோட்டு ஆப்பு இறக்கிப் பிளக்கிறார்கள். சேலத்தை அடுத்த கஞ்சமலையின் காந்தக்கல் பாறையில் கருப்பும் வெள்ளையுமாக வரிகள் ஓடுவதைப் பார்த்து மகள் ஏமாறக்கூடும். வரி இருந்தால் போதாது, வரியோடு பிளக்க வேண்டும்.

கண்ணில் எங்கே பிளந்தது என்ற வேறுபாடு பார்வையையே தீர்மானிக்கும். ஸ்கிஸிஸில் விழித்திரையின் நரம்பு அடுக்கு தனக்குள்ளேயே இரண்டாகப் பிளக்கிறது. முதியவர்களுக்குப் பெரும்பாலும் கீழ்ப்புறம், நெற்றிப்பொட்டுப் பக்கத்து ஓரத்தில். விழித்திரை விலகல் (‘டிடாச்மென்ட்’) வேறு: அங்கே நரம்பு அடுக்கு முழுதாகவே அடியிலுள்ள நிறமிப் படலத்தை விட்டு எழும்பி, இடையில் நீர் தேங்குகிறது. ஸ்கிஸிஸ் உள்ள இடத்தில் பார்வை அடியோடு இருக்காது, ஏனென்றால் செய்தி கடத்தும் இழைகளே அறுந்துபோகின்றன. விலகலில் ஒளியுணரும் செல்கள் சில காலம் உயிரோடு இருக்கும். சீக்கிரம் ஒட்டவைத்தால் பார்வை மீளக்கூடும். விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி படத்தில் பிளந்த தளம் தெளிவாகத் தெரியும். சிறுவர்களுக்கு வரும் பரம்பரை வகை எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஆர்எஸ்1 மரபணுக் கோளாறால் வருவது. முதுமையில் வருவதற்குப் பெரும்பாலும் சிகிச்சை வேண்டாம், கண்காணிப்பு போதும்.

சமயத்தில் ஸ்கிஸம் என்பது ஒன்றிப்பு அறுவது. கோட்பாட்டை மறுப்பது அல்ல. 1378 முதல் 1417 வரை ஒரே நேரத்தில் இரண்டு, பிறகு மூன்று பேர் தாமே போப் என்று உரிமை கோரினார்கள். விசுவாசக் கோட்பாடு ஒன்றேதான். சண்டை யார் தலைவர் என்பதில். ஆகவே ‘பிரிவினை’ என்பதே சரியான சொல். கோட்பாட்டை மறுப்பதற்குத் ‘தப்பறை’ என்று தனிச்சொல் இருக்கிறது.

அண்ணனின் சீட்டில் ஸ்கிஸிஸ் என்று மட்டும் இருக்கிறதா, ‘டிடாச்மென்ட்’ என்றும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திடீரென்று மிதக்கும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருட்டு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அன்றே விழித்திரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.