பூக்கட்டுகிறவர்களுக்குக் கழுத்து ஏன் பிடித்துக்கொள்கிறது?

கேள்வி: மதுரை கீழவாசலில் பூக்கட்டி விற்கிறேன், வயது 46. மாட்டுத்தாவணியில் உதிரிப்பூ எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தால் மதியம்வரை குனிந்த தலைதான். கழுத்தும் தோள்பட்டையும் பிடித்துக்கொள்கிறது. “நிமிர்ந்து உட்காரும்மா” என்கிறாள் மகள். நிமிர்ந்தால் கை எட்டவில்லை. என்ன செய்வது?

பதில்: மகள் சொல்வது தப்பில்லை, ஆனால் நடக்காத காரியம். சுளகு தரையில் கிடக்கும்வரை கண்ணும் கையும் கீழே போகும், தலையும் கூடவே போகும். தலை சுமார் 5 கிலோ எடை. நேராக இருந்தால் எலும்பே பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். முன்னால் சாயச் சாயப் பின்கழுத்துத் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும், நன்றாகக் குனிந்தால் கழுத்தில் 25 கிலோவுக்கு மேல் பாரம் ஏறும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இதை நாள் முழுக்கச் சுமந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

முன்னால் ஒரு சின்ன ஸ்டூலோ கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டியோ போட்டு, சுளகை அதன்மேல் வையுங்கள். முழங்கை உயரத்துக்கு வந்தால் போதும். அப்படி வைத்ததும் பூ மங்கலாகத் தெரிந்தால் அது வெள்ளெழுத்தாக இருக்கலாம், உங்கள் வயதில் சகஜம்தான், கண்ணாடிக்குப் பாருங்கள். சம்மணம் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெறுந்தரையில் பலருக்கு இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூன் விழும். போர்வையைத் தடிமனாக மடித்து அதன்மேல் உட்கார்ந்தால், முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்து, முதுகு தானாக நிமிரும்.

எவ்வளவு நன்றாக உட்கார்ந்தாலும் மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் வலிக்கும், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மொட்டு விரிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும், எழுந்திருக்க நேரம் ஏது என்பீர்கள். சரி, ஒரு பந்து முடிந்ததும் மட்டும் எழுந்து, இடுப்பில் கை வைத்து மெதுவாக நாலைந்து தரம் பின்னால் சாயுங்கள். அப்புறம் தலையைத் தூக்காமல், ரெட்டை நாடி விழுகிற மாதிரி மோவாயைப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி வையுங்கள், அதையும் நாலைந்து தரம். ஒரு நிமிஷ வேலை.

ராத்திரி ரெண்டு தலையணை வேண்டாம். யாரையும் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்க விடாதீர்கள், அரிதாக ரத்தக்குழாயே கிழிந்துவிடும். கை மரத்துப்போனாலோ, நார் பிடிக்கிற பிடி நழுவினாலோ, நடை தள்ளாடினாலோ இந்தப் பயிற்சியெல்லாம் வேண்டாம், பெரியாஸ்பத்திரிக்குப் போய் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.