குதிரை ஓட்டும்போது மனம் எங்கோ போய்விடுகிறது. கவனத்தை எப்படி நிறுத்துவது?

"ஆறு மாதமாகக் கற்றுக்கொள்கிறேன். வட்டம் போடும்போது பாதியிலேயே எண்ணம் எங்கோ போய்விடுகிறது, குதிரை தானாக நின்ற பிறகுதான் எனக்கே தெரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. என் முதல் வருடம் முழுக்க இதே கதைதான். ஒரே வித்தியாசம், என் குதிரை நிற்கவில்லை. லாயத்துப் பக்கத்து வாசல் திறந்திருப்பதைப் பார்த்து அது திரும்பியது, நான் திரும்பவில்லை. மணலில் விழுந்ததால் அடி பெரிதாக இல்லை. விழும்போது என்ன யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது: அனுப்ப மறந்த ஒரு மெயில்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. "கவனம், கவனம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, குதிரையின் இரண்டு காதுகளுக்கும் நடுவே முறைத்துப் பார்த்தபடி ஓட்ட ஆரம்பித்தேன். மனிதத் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். குனிந்தால் அத்தனை எடையும் முன்னால் சாயும், முதுகு கூன் போடும், மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிடும். முதுகில் ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்த்து விரட்டுகிற பிராணிக்கு இதெல்லாம் தெரியாமலா போகும்? ஒரு வாரத்தில் குதிரையும் என்னைப் போலவே விறைத்துப்போனது.

பயிற்சியாளர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். "இப்ப எந்தப் பின்னங்கால் முன்னால வருது, சொல்லுங்க. கீழ பாக்கக் கூடாது."

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாக ஏறி உட்கார்ந்திருக்கிறேன், அடியில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை.

நீங்களும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். சாதாரண நடையில் குதிரையின் நாலு காலும் தனித்தனியாக, நாலு தட்டாகத் தரையில் விழும். இடது பின்னங்கால் முன்னே வரும்போது வயிறு வலப்பக்கம் ஒதுங்கும், உங்கள் இடது இடுப்பு லேசாகக் கீழே இறங்கும். அடுத்து வலது. தொடையை இறுக்கிப் பிடித்திருந்தால் இது தெரியவே தெரியாது, தளர்த்தினால் தெரியும். தெரிந்ததும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இடது... வலது... இடது..." கீழே ஒருவர் நின்று சரியா தப்பா என்று பார்த்துச் சொல்லட்டும்.

வாய்விட்டுச் சொல்வதில்தான் விஷயமே இருக்கிறது. மனதுக்குள் எண்ணினால், எண்ணிக்கை ஒரு பக்கம் ஓடும், மெயில் ஒரு பக்கம் ஓடும். சத்தமாகச் சொல்லும்போது கவனம் நழுவினால் குரல் நின்றுவிடும். போனது அந்த நொடியே தெரியும், திரும்பி வந்துவிடலாம். திட்டிக்கொள்ள வேண்டியதில்லை, அடுத்த காலிலிருந்து சொன்னால் போதும். இன்னொரு லாபம், பேசிக்கொண்டே மூச்சைப் பிடித்து வைத்திருக்க முடியாது.

இது பழகிய பிறகு ட்ராட், அதாவது துள்ளு நடை. அதில் ஒரு பக்க முன்னங்காலும் மறுபக்கப் பின்னங்காலும் ஜோடியாக விழுவதால் இரண்டே தட்டு. குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னே போகும்போது சேணத்திலிருந்து எழ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தோளைப் பார்க்காமல் உடம்பால் ஊகித்து எழுந்துவிட்டு, பிறகு ஒரு நொடி பார்த்துச் சரிபாருங்கள். அதைவிட வேகமான கேண்டர் மூன்று தட்டு. அதற்கு அவசரம் வேண்டாம்.

அடுத்தது கண். ஒரே குறியாக இருப்பவரைக் "கடிவாளம் கட்டிய குதிரை மாதிரி" என்கிறோம். (கடிவாளம் பாவம் வாயில் இருக்கிறது. பார்வையை மறைப்பது கண்ணோரம் கட்டும் மறைப்பு, அதுவும் பெரும்பாலும் வண்டிக் குதிரைகளுக்கும் சில பந்தயக் குதிரைகளுக்கும்தான்.) ஓட்டுகிறவருக்கு அந்த மறைப்பு உதவாது. குதிரை தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கிறது. பின்னால் படபடக்கும் சாக்குப்பையை அது எப்போதோ பார்த்திருக்கும், ஒரே புள்ளியை முறைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் அது திடீரென்று தோன்றும். தூரத்தில் ஒன்றைப் பாருங்கள், ஆனால் இரு ஓரங்களும் பார்வைக்குள் இருக்கட்டும்.

வட்டத்தில் இதை எப்படிச் செய்வது? 20 மீட்டர் வட்டத்தை நாலாகப் பிரித்து நாலு இடத்தில் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடையாளத்தைத் தொடும் முன்பே கண் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். ட்ராட்டில் ஒரு சுற்று இருபது நொடிக்குள் முடிந்துவிடும், அதாவது நாலைந்து நொடிக்கு ஒரு வேலை. அந்த இடைவெளியில் பெரிதாக ஒன்றும் கனவு காண முடியாது.

உங்களுக்கு எண்ணம் அலைவதுதான் பிரச்சினை, பயமில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் பயத்தைப் பற்றி ஒன்று. 2009-இல் ஸ்வீடனில் ஓர் ஆய்வு வெளியானது. சிலரைக் குதிரையில் ஏறியும், சிலரை அதைக் கையில் பிடித்து நடத்தியும் முப்பது மீட்டர் தூரத்தை நாலு முறை கடக்கச் சொன்னார்கள். நாலாவது முறைக்கு முன் "இப்போது குடை ஒன்று விரியும்" என்றார்கள். குடை விரியவே இல்லை. ஆனால் மனிதர்களுக்கும் குதிரைகளுக்கும் இதயத் துடிப்பு ஏறியது. குதிரையிடம் யாரும் குடையைப் பற்றிச் சொல்லவில்லை! எனக்கு அப்படி, தார்ப்பாய் கிடந்த மூலை ஒன்று இருந்தது. "மிரளாதே, மிரளாதே" என்று நினைத்தபடியே போவேன், ஒவ்வொரு முறையும் குதிரை மிரளும். பிறகு மூலைக்கு அப்பால் இருந்த வேலித் தூணைப் பார்த்து, நீளமாக மூச்சு விட்டபடி போகப் பழகினேன். தார்ப்பாய் அங்கேயேதான் இருந்தது, மிரள்வது வெகுவாகக் குறைந்தது.

ஏறுவதற்கு முன் குதிரையைத் தேய்த்துவிடும் பத்து நிமிடத்தைக் கூலி வேலையாக நினைக்காதீர்கள். என் மெயில்கள் எல்லாம் அங்கேதான் கரையும். சேணத்தின் வயிற்று வாரையும், கால் வைக்கும் அங்கவடியின் நீளத்தையும் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் பாருங்கள். கரையாத நாளும் உண்டு, அன்று நான் ஏறுவதில்லை, பிடித்துக்கொண்டு நடப்பேன்.

தியானம் உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கு உதவவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்து வந்த அமைதி குதிரை மேல் ஏறியதும் காணாமல் போனது. ஆனால் வேறு ஒன்று கேட்கத் தோன்றுகிறது: ஆறு மாதமாக ஒரே வட்டம்தானா? அப்படியானால் உங்கள் மனம் அலைவதில் ஆச்சரியமில்லை, குதிரைக்கும் அலுத்திருக்கும். எட்டு போடுவது, வளைந்து வளைந்து போவது, ஏதாவது மாற்றித் தரும்படி கேளுங்கள். நடுவில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லகானைத் தளர்த்திவிட்டு இருவரும் சும்மா நடங்கள்.

அடுத்த வகுப்பில் முதல் ஐந்து நிமிடம் பின்னங்காலை மட்டும் சொல்லிப் பாருங்கள். தப்பாக வந்தால் வெட்கப்பட வேண்டாம். நானே இப்போதும் முதுகு அகலமான குதிரையில் ஏறினால் பத்துக்கு மூன்று தப்பாகத்தான் சொல்கிறேன்.